மேலே முன்பல் இல்லாத மாடு கிழட்டு மாடா?

கிரானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நாலு பல்லு என்று சொல்லி விற்ற பசுவை வாங்கினேன். வீட்டில் வாயைத் திறந்து பார்த்தால் மேலே முன்பல் ஒன்றுகூட இல்லை. கீழ்ப்பல்லும் இலேசாக ஆடுகிறது. இது கிழட்டு மாடு என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஏமாந்துவிட்டேனா?"

இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் முளைப்பதே இல்லை. எருமைக்கும் ஆட்டுக்கும் அப்படித்தான். அந்த இடத்தில் மெத்தை போலத் தடித்த ஈறுதான் இருக்கும். நாக்கால் புல்லை வளைத்து இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் இந்த ஈறுக்கும் நடுவே பிடித்து அறுக்கும். கீழ்ப்பல் குத்தி ஈறு புண்ணாகாதபடி, பல் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இலேசான ஆட்டம் நோயல்ல.

விற்றவர் சொன்னதைச் சோதிக்க, கீழுதட்டை மட்டும் இறக்கிப் பாருங்கள். எட்டு முன்பற்கள் இருக்கும். பால்பல் சின்னது, வெள்ளை, அடி ஒடுங்கியது. நிலைப்பல் அகலமானது, சற்று மஞ்சள். நடுவிலிருந்து சோடி சோடியாக மாறும்: முதற்சோடி சுமார் 2 வயதில், அடுத்தது இரண்டரையில், மூன்றாவது 3 முதல் மூன்றரைக்குள், கடைசிச் சோடி 4 வயதை ஒட்டி. நாட்டு மாட்டுக்கும் எருமைக்கும் இன்னும் பிந்தும். நடுவே நாலு பெரிய பல்லும் இருபக்கமும் இரண்டிரண்டு சின்னப் பல்லும் இருந்தால் அவர் சொன்னது சரி. எட்டும் பெரிதாகி, தேய்ந்து குட்டையாகி, இடையில் இடைவெளியும் விழுந்திருந்தால் பெரியவர் சொன்னதுதான் சரி. ஆனால் மணல் ஒட்டிய புல்லைத் தின்னும் மாட்டுக்குப் பல் சீக்கிரம் தேயும். கடற்கரைப் பக்கம் மேய்ந்த மாடென்றால், தேய்மானத்தை மட்டும் பார்த்து வயது சொல்ல நான் தயங்குவேன்.

வயதைவிட எனக்கு முக்கியம் கடைவாய்ப்பற்கள். மாட்டின் 32 பல்லில் 24 அவைதான். அசைபோடுவது முழுக்க அங்கேதான். பாதி மென்ற வைக்கோலை உருண்டையாகத் துப்பினாலோ, சாணியில் நீள நீளமாக நார் வந்தாலோ, ஒரு கன்னம் வீங்கினாலோ கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீணீர் வடித்து, விழுங்க முடியாமல் நிற்கிற மாட்டின் வாய்க்குள் மட்டும் கையை விடாதீர்கள். பல்லில் கோளாறு என்று நினைப்பது விசர்நோயாகவும் (ரேபிஸ்) இருக்கலாம். அந்த எச்சில் கையில் இருக்கிற கீறலில் பட்டாலே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.