பண்ருட்டிச் செம்மண்ணில் நெல் வருமா?

கேள்வி: கடலூர் மாவட்டம் முழுக்க ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. காட்டுமன்னார்கோயிலில் நெல், இங்கே மட்டும் முந்திரியும் பலாவும். என் மேட்டுச் செம்மண்ணிலும் நெல் போடலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: வேண்டாம். மழை ஒன்றுதான், மண் வேறு. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல்; தண்ணீரைப் பிடித்து வைக்கும். வீராணம் ஏரிப் பாசனமும் உண்டு. உங்கள் செம்மண்ணில் பாய்ச்சிய தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். முந்திரிக்கு அதுதான் வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கினால் மரம் பிழைக்காது. பூக்கும் பருவம் வறண்டு இருக்க வேண்டும். அப்போது வானம் மூடிக்கொண்டு தூறினால் பூ கருகும், தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் பெருகும்.

முந்திரியில் ஒட்டுக்கன்றே வாங்குங்கள்; அதாவது அடிச்செடி ஒன்றின் மேல் நல்ல மரத்தின் குச்சியை ஒட்டி வளர்த்த கன்று. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி. கன்றுக்குக் கன்று 7 மீட்டர். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளுங்கள். விட்டால் அடிச்செடி வளர்ந்து ஒட்டு நலிந்துபோகும். மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கும்.

தோப்பு இருக்கும் ஊரில்தான் கொட்டை பொறுக்கும் கூலியும் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் மரங்களைச் சாய்த்தபோது நிலமில்லாதவர்களின் பிழைப்பும் சேர்ந்தே போனது. ஆகவே காற்றில் சாயாதபடி கன்றுக்குக் குச்சி கட்டத் தவறாதீர்கள்.