பெயர் இல்லாத பழைய பேஸ் கிட்டார்: எங்கே பார்ப்பது, எதைச் சரிசெய்வது?

கேள்வி: பழைய பேஸ் கிட்டார் ஒன்று வாங்கினேன். நான்கு தந்தி. நெக்கை நான்கு ஸ்க்ரூ போட்டுப் பாடியோடு முடுக்கியிருக்கிறார்கள். பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தப் பாகம்) இரண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கிறது. நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. விற்றவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இது யார் செய்தது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: செய்த கம்பெனியின் பெயர் கடைசிவரை கிடைக்காமல் போகலாம். எந்த நாட்டு வேலை, ஏறக்குறைய எந்தக் காலம், எந்தத் தரம் என்பவை பெரும்பாலும் தெரிந்துவிடும். உருவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் பிக்கப் அமைப்பு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் 1957-இல் வந்தது. அதன்பின் உலகமெங்கும் அதை நகல் எடுத்திருக்கிறார்கள். 1960, 70களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஒரே கருவியை வெவ்வேறு இறக்குமதியாளர்களின் பெயரில் செய்து அனுப்பின. அப்படி வந்தவற்றில் பெயர் வெறும் ஒட்டுத்தாளாகவோ சிறு தகடாகவோ இருந்தால், அது உதிர்ந்ததோடு அடையாளமும் போய்விடும்.

முதலில் இருட்டறையில் ஹெட்ஸ்டாக்கின் மேல் டார்ச்சைக் கிடைமட்டமாகச் சாய்த்து அடியுங்கள். பெயர் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் நிறம் மாறாதிருக்கும். எழுத்தின் விளிம்பு நிழலாகத் தெரியும். தகடு இருந்திருந்தால் அடைத்த ஆணித்துளை தெரியும்.

அடுத்தது ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம். நட்டின் (ஹெட்ஸ்டாக் முனையில் தந்திகள் பதியும் பள்ளத்துண்டு) முன்விளிம்பிலிருந்து 12-ஆவது ஃப்ரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நடு வரை அளந்து இரட்டியுங்கள். இரட்டிக்கும் முன் 432 மி.மீ. வந்தால் 34 அங்குல பேஸ், 381 மி.மீ. வந்தால் 30 அங்குலச் சிறிய பேஸ். தந்தி வாங்கவும் இந்த அளவு வேண்டும். நீளத் தந்தியைச் சிறிய பேஸில் போட்டால், அதன் தடித்த பகுதி ட்யூனிங் கீயின் தண்டில் சுற்றிக்கொண்டு, மேல்சுற்றுக் கம்பி தளர்ந்து ஒலி மங்கிவிடும். நட்டின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 38 மி.மீ. ஜாஸ் பேஸ் வழி, 41 மி.மீ.க்கு மேல் பிரிசிஷன் வழி.

இனி நெக்கைக் கழற்ற வேண்டும். தந்திகளை முழுவதும் தளர்த்திவிட்டு நான்கு ஸ்க்ரூவையும் எடுங்கள். பாடியின் பெயின்ட் நெக்கோடு ஒட்டியிருந்தால் அந்தக் கோட்டில் மெல்லிய பிளேடை ஒருமுறை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் பெயர்ந்து வரும். நெக்கின் அடிப்பகுதியில் முத்திரையோ பென்சில் குறியோ தேதியோ இருக்கிறதா பாருங்கள். பாடியில் நெக் உட்காரும் பள்ளத்துக்குள் மெல்லிய அட்டையோ மரச்சில்லோ கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். நெக்கின் சாய்வுக்காக வைத்தது அது. பள்ளத்தின் சுவரில் மரம் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பாடி ப்ளைவுட். நெக் ஸ்க்ரூக்கள் நுழையும் பின்தகட்டில் ‘ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்’ என்று பொறித்திருந்தால் ஜப்பானின் மட்சுமொக்கு தொழிற்சாலையை நினைக்கலாம். தகடு கழற்றி மாட்டக்கூடியது என்பதால் அதை மட்டும் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

அதிகம் பேசுவது உள்ளே இருக்கும் வால்யூம், டோன் பாட்கள்தான் (குமிழைத் திருப்பினால் மாறும் மின்தடைகள்). அமெரிக்க பாட்டின் முதுகில் ஏழு இலக்க எண் இருக்கும். உதாரணமாக 1377419 என்றால் 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 74 என்பது ஆண்டு, 19 என்பது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். பாட் செய்த தேதிதான் அது. கிட்டார் அதற்குப் பிறகே உருவாகியிருக்கும், சில மாதமோ சில வருடமோ கழித்து. அந்த பாட்டே பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம். எல்லா இணைப்பிலும் ஈயம் ஒரே நிறத்தில் மங்கி, வயர்களும் ஒரே வகையாக இருந்தால் பழையபடியே இருக்கிறது என்று நம்பலாம். எண்ணுக்குப் பதில் A500K, B500K போன்ற எழுத்தோடு சிறிய 16 மி.மீ. பாட்கள் இருந்தால் அநேகமாக ஆசியத் தயாரிப்பு. ஸ்க்ரூவும் அப்படித்தான்: பிரிட்ஜ் சேடிலுக்கு (பாடியின் பக்கம் தந்தி உட்காரும் துண்டு) 1.5 மி.மீ. ஆலன் கீ கச்சிதமாகப் பொருந்தினால் மெட்ரிக், அதாவது அமெரிக்க வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு.

கேள்வி: இதுபோன்ற பேஸை வாங்கப் போகிறேன். விற்பவர் முன்னால் பத்து நிமிடம்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது?

பதில்: ஏழு நிமிடத்தை நெக்குக்குக் கொடுங்கள். மற்றதெல்லாம் மாற்றக்கூடிய பாகம். நெக் கெட்டிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவில் வேறு பேஸே வாங்கிவிடலாம்.

ட்யூன் செய்த நிலையிலேயே பாருங்கள். 34 அங்குல பேஸில் நான்கு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுவை தருகின்றன, அந்தப் பாரத்தில்தான் நெக்கின் உண்மை நிலை தெரியும். பாடியின் பக்கம் கண்ணை வைத்து, துப்பாக்கியில் குறிபார்ப்பது போல நெக்கின் வழியே நட்டைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று இணையான கோடுகளாகத் தெரிய வேண்டும். ஒரு முனை தூக்கியிருந்தால் நெக் முறுக்கிக்கொண்டது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பிறகு E தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7, 8-ஆவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், அதாவது சுமார் 0.3 மி.மீ. இரண்டு கார்டுக்கு மேல் போனால் வளைவு அதிகம். இடைவெளியே இல்லையென்றால் நெக் பின்புறம் வளைந்திருக்கலாம். நெக்கின் உள்ளே வளைவைச் சரிசெய்ய வைத்த ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டில் இன்னும் திருப்ப இடம் இருந்தால் இரண்டையும் சரிக்கட்டலாம். ராடின் முனையிலுள்ள திருகு நட்டை ஏற்கெனவே கோடிவரை முடுக்கி வைத்து, அப்போதும் வளைவு போகவில்லை என்றால் விலகிவிடுங்கள்.

மீதி நேரத்தில் ஹெட்ஸ்டாக் வளையும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சேடில்கள் அடிமட்டத்தில் இருந்தும் தந்தி உயரமாக நின்றால் நெக்கின் சாய்வு தவறு. பள்ளத்தில் சில்லு வைத்துத் திருத்தலாம். சத்தமே வரவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம், விலையைப் பேசும்போது சொல்லுங்கள். பின்னால் 9 வோல்ட் பேட்டரிப் பெட்டி இருந்தால் அது ஆக்டிவ் பேஸ், அதாவது பேட்டரியில் இயங்கும் சுற்று உள்ளது. புது பேட்டரி போட்ட பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கேள்வி: பேஸை வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது?

பதில்: மரம், நெக், அதன்பின் மின் இணைப்பு, கடைசியில் தந்தி உயரமும் ஒலிச்சுருதியும். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

தந்திகளை எடுத்ததும் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டை நாஃப்தா தொட்ட துணியால் துடைத்து, மினரல் ஆயில் ஒரு சில சொட்டுத் தடவி, பத்து நிமிடத்தில் துடைத்தெடுங்கள். லாக்கர் பூசிய மேப்பிளுக்கு எண்ணெய் வேண்டாம். ஃப்ரெட்டைத் தேய்க்க ஸ்டீல் வுல் எடுத்தால் பிக்கப்பை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால் விடாது.

பழைய பேஸில் பட்டை மாட்டும் பொத்தானின் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. துளைக்குள் மரப்பசை தடவிய பல்குச்சிகளை இறுகும்வரை திணித்து, ஒருநாள் காயவிட்டு, மட்டமாக வெட்டி, ஸ்க்ரூவின் நடுத்தண்டு அளவுக்கு மட்டும் துளையிடுங்கள். ஸ்க்ரூவில் மெழுகு தேய்த்தால் எளிதாக இறங்கும். நெக் ஸ்க்ரூவுக்கு இது போதாது. துளையை 6 மி.மீ. ஆக்கி, கடின மரக்குச்சியைப் பசையோடு இறக்கி, மறுநாள் புதுத்துளை போட வேண்டும். அந்தக் குச்சியில் ஸ்க்ரூ நார்களின் முனைக்குள் இறங்குவதால் பிடிப்பு சற்றுக் குறைவு. துளைக்குள் நீர்த்த சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் கெட்டிப்படும்.

ட்ரஸ் ராட் விஷயத்தில் அவசரமே கூடாது. சரியான ஆலன் கீ கிடைக்கும்வரை காத்திருங்கள், 5 மி.மீ.க்கும் 3/16 அங்குலத்துக்கும் வித்தியாசம் மயிரிழைதான், தவறானதைப் போட்டால் ராடின் திருகு நட்டின் உள்முனை மழுங்கிவிடும். தந்தியைச் சற்றுத் தளர்த்தி, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். கடிகார திசையில் திருப்பினால் முன்வளைவு குறையும். மறுபடி ட்யூன் செய்து அளந்து பாருங்கள்; மரம் முழுதும் அசைய ஒருநாள் கூட ஆகும். திருப்பத் திருப்ப இறுக்கம் மட்டும் ஏறி நெக் அசையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ராட் அறுந்தால் ஃபிங்கர்போர்டையே பெயர்க்க வேண்டும்.

வளைவு சரியான பிறகு 17-ஆவது ஃப்ரெட்டில் E தந்திக்கு 2.4 மி.மீ., G தந்திக்கு 2 மி.மீ. உயரம் வையுங்கள். அதன்பின் ஒலிச்சுருதி: 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: சத்தம் வரவில்லை, சிலசமயம் ‘உம்’ என்ற இரைச்சல் மட்டும். பிக்கப் போய்விட்டதா?

பதில்: பாகம் வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். கேபிளை ஜாக்கில் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே அளவிடுங்கள். இரண்டு துண்டு பிக்கப் நன்றாக இருந்தால் சுமார் 10 கிலோ ஓம் காட்டும். 250 கிலோ ஓம் அருகே காட்டினால் பாட் மட்டும்தான் தெரிகிறது, பிக்கப்பின் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது. இரண்டு துண்டும் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தாலும் முழுச் சத்தமும் போகும். எனவே தனித்தனியே அளந்து, கெட்ட பாதியை மட்டும் புதிதாகச் சுற்றச் சொல்லலாம். பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட், பெரும்பாலும் ஜாக்கில்.

இரைச்சலுக்குத் தந்தியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் எர்த் சரி, உள்ளே தாமிரப் படலம் ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால் போதும். ஜாக்கின் நுனித்தகடு படலத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றமே இல்லையென்றால் பிரிட்ஜின் அடியிலிருந்து வரும் எர்த் வயர் அறுந்திருக்கும். தொடும்போது விரலில் சுருக்கென்று அடித்தால் வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயரையும் சுவர் சாக்கெட்டையும் எலெக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும், அது உயிர் சம்பந்தப்பட்டது.

கேள்வி: பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடித்து, பிரபல கம்பெனியின் லோகோ ஒட்டலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்போம். பழைய பூச்சின் கீறல்கள் ஒலியைக் கெடுப்பதில்லை. சுரண்டும்போது காலத்தைச் சொல்லும் முத்திரைகளும் போய்விடும். பெயின்ட் உதிர்கிற இடத்தை மட்டும் அடைத்து மெருகேற்றுங்கள். லோகோ உங்கள் கையில் அலங்காரமாக இருக்கலாம், அடுத்து வாங்குபவர் கையில் அது மோசடி. விற்கும்போது நெக் அடியில் கண்ட முத்திரை, பாட்டின் எண், நீங்கள் மாற்றிய பாகங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து, பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுக் கருவியோடு சேர்த்துக் கொடுங்கள்.