ஒரே மரத்துல ரெண்டு விதமான காய்: மா, ராகி, மரபணு பத்தி கேள்வி பதில்

காவேரிப்பட்டணத்துல பயாலஜி நடத்தி ரிட்டயர் ஆனவன் நான். ஒரு உயிர் அதே உயிராவே இருந்துக்கிட்டு புதுசு புதுசா எப்படி கிளைக்குதுங்கறது தான் இன்னிக்கு விஷயம். ஒரு வேண்டுகோள், "தேவைப்பட்டுச்சு, அதனால மாத்திக்கிச்சு"ன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. மாற்றம் தற்செயலா வருது, அதுல பொழைக்கறது நிக்குது.

பாலக்கோடு தம்பி: சார், உடம்புல செல்லெல்லாம் மாறிக்கிட்டே இருக்குன்னா பத்து வருஷம் முன்னாடி இருந்த நானும் இப்ப இருக்கற நானும் ஒண்ணா?

எல்லாமே மாறறதில்ல தம்பி. குடலோட உள்தோல் நாலஞ்சு நாள்ல புதுசாகிடும், ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுசு சுமார் 120 நாள். ஆனா மூளை மேற்பட்டையில இருக்கற நியூரான், அதாவது நரம்பு செல், பெரும்பாலும் பிறந்ததுல இருந்து கூடவே வர்றது, கண் லென்ஸோட நடுப்பகுதி நீ அம்மா வயித்துல இருந்தப்பவே உருவானது. புதுசா வர்ற செல்லும் பழைய டிஎன்ஏவை காப்பி எடுத்து தான் வருது, சரிபார்த்து முடிச்சப்புறம் நிக்கற தப்பு ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்கு ஒண்ணு.

சந்தூர் அண்ணன்: செந்தூரா கொட்டை போட்டா செந்தூராவே வருமா?

வராதுங்கண்ணா. நம்ம ஊர் ரகத்துல ஒரு கொட்டைக்குள்ள ஒரு கரு தான், அதுல பாதி தாய் மரம், பாதி எந்த மரத்து மகரந்தமோ. உங்க ஊர்லயே நர்சரி நர்சரியா ஒட்டுக்கன்னு விக்கறாங்களே, அது இதுக்காக தான். கேரளா பக்கத்து ஓலூர் மாதிரி சில ரகத்துல கொட்டைக்குள்ள பல கரு இருக்கும், அதுல தாயோட திசுவுல இருந்தே முளைக்கறது தாய் மாதிரியே வரும். ரகத்தை காப்பாத்தணும்னா ஒட்டு, புதுசு வேணும்னா கொட்டை. நீலத்தையும் தசேரியையும் சேர்த்து டெல்லியில மல்லிகா எடுத்தது கொட்டை வழியா தான்.

பென்னாகரம் தங்கச்சி: ஒரு மரபணு மாறினா அதோட பழைய வேலை கெட்டுடாதா சார்? அப்புறம் புதுசு எப்படி வரும்?

அருமையான கேள்விம்மா. பெரும்பாலும் கெடும். ஆனா சில சமயம் காப்பி எடுக்கறப்ப ஒரு மரபணு ரெண்டாகிடுது. வீட்ல ஒரே பைக் இருந்தா இன்ஜினை பிரிச்சு போட முடியாது, காலைல வேலைக்கு போகணும், ரெண்டாவது வண்டி இருந்தா தான் அதுல கைய வைக்கலாம். அதே மாதிரி தான், ஒரு காப்பி பழைய வேலைய பாத்துக்கிட்டே இருக்கும், உபரி காப்பி தப்புத்தப்பா மாறும், நிறைய வீணாப்போகும், எப்பவாவது ஒண்ணு உருப்படும். இலைக்கு நடுவுல பழுத்த மாம்பழம் நம்ம கண்ணுக்கு தனியா தெரியுதுல்ல? நம்ம குரங்கு மூதாதைங்ககிட்ட எக்ஸ் குரோமோசோம்ல நிறம் பாக்கற மரபணு ஒண்ணு இப்படித்தான் ரெண்டாச்சு. இன்னிக்கும் அந்த ரெண்டு புரதமும் சுமார் 96 சதவீதம் ஒண்ணு தான். மூணே மூணு இடத்துல இருக்கற மாற்றம் தான் சிவப்பு-பச்சை வித்தியாசத்துல பெரும்பகுதிய தருது. இன்னும் பெருசா பாக்கணும்னா நம்ம ராகிய எடுத்துக்கோ, ரெண்டு காட்டுப்புல்லோட குரோமோசோம் முழுசா ஒண்ணு சேர்ந்த பயிரு அது, 18-ம் 18-ம் சேர்ந்து 36. ஏறக்குறைய எல்லா மரபணுவுக்கும் ஒரு உபரி அதுக்குள்ள கிடக்கு!

ஓசூர் அன்பர்: கடையில வாங்கின அல்போன்சா கொட்டைய நட்டா...

சந்தூர் அண்ணனுக்கு சொன்னதை படிங்க.

அரூர் தம்பி: புது குணம் வந்தா புது இனம்னு தானே சார் அர்த்தம்?

அவசரப்படாதே. அமெரிக்காவுல லென்ஸ்கிங்கற விஞ்ஞானி 1988-ல 12 குடுவையில ஈ.கோலை பாக்டீரியாவ வளர்க்க ஆரம்பிச்சார். குடுவைத் தண்ணியில சிட்ரேட்டும் (சிட்ரிக் அமிலத்தோட உப்பு) இருந்துச்சு. ஆக்சிஜன் இருக்கறப்ப ஈ.கோலை அதை தின்னாது, லேப்ல ஈ.கோலைன்னு கண்டுபிடிக்கற அடையாளத்துல அதுவும் ஒண்ணு. 31,000 தலைமுறைக்கு மேல ஆனப்ப ஒரே ஒரு குடுவையில தின்ன ஆரம்பிச்சிருச்சு. அங்கயும் கதை அதே தான், சிட்ரேட்டை உள்ள இழுக்கற மரபணு ரெண்டாகி, ஆக்சிஜன்லயும் வேலை செய்யற ஒரு சுவிட்ச் (மரபணுவ ஓட வைக்கற டிஎன்ஏ துண்டு) பக்கத்துல உபரி காப்பி போய் விழுந்துச்சு. அடையாளம்னு நாம வச்ச குணம் போச்சு, ஆனா மத்த எல்லாத்துலயும் வம்சாவழியிலயும் அது ஈ.கோலை தான். தேவைப்பட்டு மாறினதுன்னா மத்த 11 குடுவையும் மாறியிருக்கணும், அங்கயும் அதே சிட்ரேட் தானே இருந்துச்சு.

ராயக்கோட்டை அம்மா: தத்துப்பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

என் பாடம் இல்லைங்கம்மா, பையூர் ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க.

போச்சம்பள்ளி தம்பி: எங்க பெங்களூரா மரத்துல ஒரு கிளை மட்டும் ரெண்டு வருஷமா செவந்த காய் காய்க்குது சார்.
பர்கூர் பெரியவர்: வேர்ச்செடியோட, அதான் ஒட்டுக்கு கீழ வேரோட இருக்கற செடியோட, குணம் மேல ஏறியிருக்கும், நான் நெறைய பாத்திருக்கேன்.
போச்சம்பள்ளி தம்பி: அப்படின்னா மரம் பூரா ஏறணுமே பெரியவரே?

தம்பி கேட்டது நியாயம் ஐயா. வேர்ச்செடியால மரத்தோட உயரம், விளைச்சல் மாறும், உப்புத்தண்ணிய தாங்கற சக்தி மாறும், ஒரு கிளைய மட்டும் பிடிச்சு ரகத்தை மாத்தாது. முதல்ல அந்த கிளை ஒட்டுக்கு கீழ இருந்து கிளம்புதான்னு பாருப்பா. கீழ இருந்து வர்றது வேர்ச்செடியோட சொந்தக் கிளை, அதனால தான் ஒட்டுக்கு கீழ வர்ற துளிரை அப்பப்ப கிள்ளுங்கன்னு எப்பவும் கத்தறேன். அடுத்து, அப்பா தாத்தா யாராவது அந்த கிளையில வேற ரகம் கட்டினாங்களான்னு கேளு.

ரெண்டும் இல்லைன்னா குருத்து நுனியில ஒரு செல் மாறி, அதுல இருந்து அந்த கிளை வந்திருக்கலாம். பீச் மரத்துல நெக்டரின் காய்க்கறதை டார்வினே எழுதி வச்சிருக்கார். குருத்து நுனி அடுக்கடுக்கா இருக்கும், மேலடுக்கு தோலாகும், விதைக்கு போறது பெரும்பாலும் அதுக்கு அடுத்த அடுக்கு. மாற்றம் மேலடுக்குல மட்டும் இருந்தா ஒட்டுல வரும், கொட்டையில வராது.

பர்கூர் பெரியவர்: அப்ப கொட்டைய நட்டு பாத்துட்டா தெரிஞ்சிடுமா?

தெரியாதுங்கையா, கொட்டையில மகரந்தமும் கலந்திருக்கும். தம்பி, அந்த கிளைக்கு ஒரு பெயிண்ட் அடையாளம் போடு. ஆடி மழை பேஞ்சதும் அதுல இருந்து பத்து குச்சி, பழைய கிளையில இருந்து பத்து குச்சி எடுத்து ஒரே மாதிரி வேர்ச்செடியில ஒட்டு கட்டு, தனித்தனியா எழுதி வை. காய்க்கறப்ப ரெண்டையும் எடுத்துக்கிட்டு வா.