ஃபர்ம்வேரைப் பூட்டிவிட்டால் நகலெடுக்க முடியாதா?

சிப்பில் ரீட்அவுட் புரொடெக்‌ஷன் (உள்ளிருப்பதைப் படிக்க விடாத பூட்டு) போட்டுவிட்டால் ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை, யாரும் நகலெடுக்க முடியாது அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் சில நூறு கருவிகள் விற்கும் சிறு நிறுவனத்தவர் என்று எண்ணி எழுதுகிறேன். இதே நம்பிக்கையோடு இருந்தவன் நான்.

கோவையில் கிணற்று மோட்டார்களுக்கான மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிறோம். பழைய போர்டில் எஸ்டிஎம்32எஃப்103 என்ற கட்டுப்பாட்டு சிப் இருந்தது, பூட்டும் போட்டிருந்தோம். ஒரு கோடையில் உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், ஸ்டார்ட்டரின் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோகிறது என்றார். சிக்னல் குறைவென்று நினைத்து ஆன்டெனாவை இரண்டு முறை மாற்றினோம். சர்வர் பதிவைப் பார்த்தபோதுதான், அதே கருவி எண்ணோடு இன்னொரு கருவியும் உள்ளே வருவது தெரிந்தது. கருவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எம்க்யூடிடி முறையில், ஒரே கிளையண்ட் ஐடியோடு (கருவியின் அடையாளம்) இரண்டாவது கருவி இணைந்தால் புரோக்கர் எனப்படும் சர்வர் முதலாவதைத் துண்டித்துவிடும். இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. சிப்பின் நினைவகமான ஃபிளாஷில் இருந்த எண்ணையும் கடவுச்சொல்லையும்கூட மாற்றாமல் எங்கள் போர்டை யாரோ நகலெடுத்து விற்றிருந்தார்கள். ஒருவர் அனுப்பும் கட்டளை, இன்னொருவரின் கிணற்றில் ஆள் இறங்கியிருக்கும் நேரத்தில் அங்கே மோட்டாரை ஓட்டிவிடக்கூடும் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த சிப்பின் பூட்டை உடைக்கும் வழி 2020இலேயே வெளிவந்துவிட்டது. டீபக் (பிழை தேடும் இணைப்பு) வழியாக ஃபிளாஷைப் படிக்க விடாத சிப், இன்டரப்ட் (வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வரும்போது, எங்கே தாவ வேண்டும் என்ற முகவரிகள் கொண்ட வெக்டர் அட்டவணையைத் தானே படித்து அந்த மதிப்பை, அடுத்து இயங்க வேண்டிய முகவரியை வைத்திருக்கும் புரோகிராம் கவுண்டரில் வைத்துவிடுகிறது; அதை டீபக் வழியாகப் படிக்கலாம். அட்டவணையின் முகவரியை நகர்த்தி நகர்த்தியே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். அதற்கும் மேலாக, ஃபர்ம்வேர் அடங்கிய ஹெக்ஸ் கோப்பை, போர்டை அசெம்பிளி செய்பவருக்கு நாங்கள் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். சிப்பின் 96 பிட் தனி எண்ணோடு ஃபர்ம்வேரைக் கட்டிவிடலாம் என்பார்கள். ஃபர்ம்வேரில் அந்த எண்ணை ஒப்பிடும் ஒரு இடத்தைத் திருத்தினால் அதுவும் போயிற்று.

இப்போது ஒவ்வொரு போர்டிலும் ஏடிஇசிசி608 என்ற பாதுகாப்பு சிப்பை வைக்கிறோம். கையொப்பமிடும் ரகசியத் தனிச்சாவி அதற்குள்ளேயே உருவாகிறது, வெளியே வருவதில்லை. சர்வர் அனுப்பும் சோதனை எண்ணுக்கு அது கையொப்பமிட்டால்தான் இணைப்பு. சரிபார்ப்பது சர்வராக இருக்க வேண்டும், ஃபர்ம்வேராக இருந்தால் பழைய கதைதான். இதன் முந்தைய சிப்பான 508ஏ லேசரால் உடைக்கப்பட்டதே என்று சிலர் வாதிடக்கூடும். உண்மைதான், உடையாத சிப் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை உடைத்தவனுக்கு அந்த ஒரு கருவியின் சாவிதான் கிடைக்கும்; அந்தக் கருவியின் எண்ணை சர்வரில் நீக்கினால் அதுவும் பயனற்றுப்போகும். ஏற்கெனவே விற்ற பழைய போர்டுகளைத்தான் ஊர் ஊராகச் சென்று, எங்கள் செலவில் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.