கட்டடம் வேண்டாம், பஸ் காசு கொடுங்கள்

வணக்கம் அக்கா,

நான் திருகோணமலை உப்புவெளியில் பிறந்தவன். 22 வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறேன். போன முறை ஊருக்கு வந்தபோது, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடித்த பிள்ளைகள் பலர் வேலையில்லாமல் நிற்பதைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டது. நண்பர்கள் சேர்ந்து கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறோம். கணினி வகுப்போடு ஒரு சின்னப் பயிற்சி நிலையம் கட்டலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கட்டடம் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே மறுப்பதற்கு மன்னியுங்கள். உங்களைப் போல நல்ல மனதோடு சிலர் கட்டிய நிலையம் ஒன்றில் நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். மூன்றாம் வருடம் சம்பளம் கொடுக்க ஆளில்லை. கணினிகளை உப்புக்காற்று தின்றது. கடைசியில் துருப்பிடித்த பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம்.

திருகோணமலையில் படிக்க இடம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்கள், தொழில் பழகுநர் பயிற்சி கொடுக்கும் நைட்டா எல்லாம் இருக்கின்றன. பல பாடநெறிகளுக்குக் கட்டணமும் இல்லை. பிள்ளைகள் சேர்கிறார்கள், பாதியில் நின்றுவிடுகிறார்கள். குச்சவெளியிலிருந்து டவுனுக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். வாடைக்காலத்தில் தகப்பன் கடலுக்குப் போக முடியாதபோது முதலில் நிற்பது பிள்ளையின் பஸ் காசுதான். அதே நேரம் மேசன் வேலைக்குப் போனால் அன்றைக்கே கையில் கூலி. பதினெட்டு வயதுப் பொடியன் வேறென்ன செய்வான்? பெண் பிள்ளை என்றால், இருட்டுமுன் வீடு சேர பஸ் இல்லாவிட்டால் தாய் அனுப்பமாட்டா.

பத்துப் பிள்ளைகளை எடுங்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, வெல்டிங் படிப்பவனுக்கு நல்ல சப்பாத்து, வயரிங் படிப்பவளுக்கு மின்சாரம் சோதிக்க ஒரு மீற்றர். மாதாமாதம் கொடுங்கள், மொத்தமாக வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. போன மாதம் உப்புவெளிக் கரையில் ஒரு பையன் போட் இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தான். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பக்கத்தால் பீச்சும் தண்ணீரில் கையை வைத்தான். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. “சுடுது. இம்பெல்லர் மண்ணில தேஞ்சு போச்சு” என்றான். இஞ்சின் சூடாகாமல் தண்ணீரை இழுத்துவிடும் சின்னச் சக்கரம் அது. கழற்றினால் அப்படியேதான், ரப்பர் இதழ்கள் பாதி இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து மாமாவோடு நின்று பழகிய கை. ஓ.எல்.லில் கணக்கு போய்விட்டது, அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கிறான்.

முடியவில்லை, தம்பி. 2004 முதல் நாட்டில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமை முறை இருக்கிறது. மொத்தம் ஏழு மட்டம்: நான்கு வரை தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்களும் விண்ணப்பிக்கலாம். அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். மூன்றோ நான்கோ கிடைத்தால் அங்கிருந்து மேலே படிக்க வழி திறக்கிறது. எங்கள் கரையில் இது தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தப் பையனிடம் சொன்னபோது அவன் முதலில் நம்பவேயில்லை.

சீனன்குடாவில் மாவாலையும் சீமெந்து ஆலையும் 40 வருடமாக ஓடுகின்றன. சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆள் எடுக்கும்போது கையின் பழக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, பேப்பரைத்தான் கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் வெளி மதிலுக்குக் கல் அடுக்கும் நாள் கூலிக்கு மட்டும் போகக்கூடாது என்பது என் ஆசை.

ஆகவே தம்பி, உங்கள் நண்பர்களில் ஒருவர் ஆறு மாதம் ஊரில் வந்து நிற்க முடியுமா என்று கேளுங்கள். படிவம் நிரப்ப, கராஜ் கராஜாகப் போய் அனுபவக் கடிதம் வாங்க, அலுவலகத்துக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். காசை விட அதற்குத்தான் தட்டுப்பாடு.

அந்தப் பையனின் படிவத்தை நேற்று நானே நிரப்பினேன். மாமா கடிதம் தர ஒத்துக்கொண்டார். எழுத வராது என்று சொன்னதால் நான் எழுதி வாசித்துக் காட்டினேன். “எட்டு வருசம் எண்டு போடுங்கோ, ஏழு இல்ல” என்று திருத்திவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அன்புடன்,
அக்கா