கை ஓங்குவதற்கு முந்திய நொடி: பள்ளிக்கூடச் சண்டைகள் பற்றிய கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் சிறுவர் மனநல வைத்தியராக வேலை செய்கிறேன். பள்ளிக்கூடங்களில் நடக்கும் அடிதடி பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

மகன் தரம் 9. பக்கத்தில் இருந்த பெடியனைக் கொம்பாஸால் குத்திப்போட்டான். வீட்டில் தங்கச்சியைக்கூட அடிக்க மாட்டான். ஏன் செய்தாய் என்று கேட்டால் "தெரியாது" என்கிறான். பொய்தானே? (ஓர் அம்மா, கோண்டாவில்)

அம்மா, அநேகமாக அது பொய் இல்லை. இடைவேளைக்குத் தண்ணீர்ப் பைப்படியில் நிற்கும் பிள்ளைகளை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். பின்னால் நிற்பவன் முட்டுகிறான், போத்தல் விழுகிறது. ஒரு பிள்ளை "இடிபட்டுட்டுது" என்று சொல்லிவிட்டுப் போத்தலை எடுப்பான். இன்னொருவன் "வேணுமெண்டு இடிச்சவன்" என்று திரும்புவான். இடி ஒன்றுதான், வினைச்சொல்தான் வேறு. அடிக்கடி சண்டை பிடிக்கும் பிள்ளைகள் தற்செயலாக நடந்ததையும் தங்களுக்கு எதிராகச் செய்ததாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் கென்னத் டொட்ஜ் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

அந்த நொடியில் மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்து என்று மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடிக்கிறது, கை இறுகுகிறது. "பொறு, யோசி" என்று சொல்லவேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல். அது முழுதாக முதிர 25 வயது அளவில் ஆகும். உங்கள் மகனுக்கு 14. மணி அடித்துக் கை போன பிறகுதான் யோசனை வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் "தெரியாது".

அதற்காக அவன் செய்ததை விட்டுவிடச் சொல்லவில்லை. குத்து வாங்கிய பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் "ஏன் செய்தாய்" என்பதை விட்டுவிட்டு, கோபம் ஆறின பிறகு "கோபம் வந்தபோது உடம்பில் முதலில் எங்கே தெரிஞ்சது?" என்று கேளுங்கள். காது சுட்டது, தொண்டை அடைத்தது என்று ஏதாவது சொல்வான். அடுத்தமுறை அது வரும்போது தெரிந்துகொள்ளப் பழகினால், கைக்கும் யோசனைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

வகுப்பில் அடிக்கடி சண்டை பிடிக்கும் ஒரு பெடியனின் தகப்பனும் சண்டைக்காரர். "ரத்தத்திலேயே இருக்கு" என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? (ஆசிரியை, சாவகச்சேரி)

ரீச்சர், இந்தப் பேச்சுத்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 1965இல் ஸ்கொட்லாந்தில், காவலுடன் கூடிய ஒரு வைத்தியசாலையில் ஆண்களுக்கு வழக்கமாக ஒன்றே இருக்கும் வை குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) கூடுதலாக ஒன்று உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். உடனே "குற்றவாளிக் குரோமோசோம்" என்று உலகமே பேசியது. 1976இல் வெளியான டென்மார்க் ஆய்வு, அப்படிப்பட்டவர்கள் வன்முறையில் கூடியவர்கள் அல்லர் என்று காட்டியது. அதற்குள் எத்தனை பேர்மேல் அந்தப் பட்டம் ஒட்டிவிட்டது!

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் போன்ற இரசாயனங்களை உடைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற நொதியின் மரபணு சிலருக்கு மந்தமாக வேலை செய்யும். 2002இல் வெளியான முடிவைக் கவனியுங்கள்: மந்தமான மரபணுவோடு சிறுவயதில் அடியும் கொடுமையும் பட்டவர்களிடம்தான் வன்முறை தெளிவாகக் கூடியிருந்தது. அதே மரபணு இருந்தும் அன்பாக வளர்ந்தவர்களிடம் அப்படி இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பின் அளவு கூடிக் குறைந்தாலும், சிறுவயதுக் கொடுமையின் பங்கு மாறவில்லை. அந்தப் பிள்ளையின் ரத்தத்தை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் உங்கள் வகுப்பில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஸ்கான் எடுத்து முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா? (மானிப்பாய்)

முடியாது. ஆனால் தலையில் அடிபட்டது, வலிப்பு, கவனக்குறைவு மிகைச்செயற்பாடு, காது கேளாமை போன்றவை இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். சிகிச்சை உண்டு.

அடியாத மாடு படியாது. பிரம்பைக் கைவிட்ட பிறகுதான் பிள்ளைகள் கெட்டார்கள். (ஓய்வு பெற்ற அதிபர், சுன்னாகம்)

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கையும் 12/2016 சுற்றறிக்கையும் சொல்கின்றன. சட்டத்தை விடுவோம், உடம்பைப் பார்ப்போம். அடி வாங்கிய பிள்ளை உங்களுக்கு முன்னால் அடங்குவான், உண்மைதான். ஆனால் அடிக்கடி பயந்த மூளையில் அந்த ஆபத்து மணி சின்னச் சத்தத்துக்கே அடிக்கப் பழகிவிடும். அந்த மணியைத் தணிப்பதுதான் நம் வேலை, பிரம்பு அதை இன்னும் ஊதிவிடுகிறது.

எங்கள் ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. தகப்பனின் குடியும் பிள்ளை பட்ட போர் அனுபவமும் கூடக்கூட, வீட்டுக்குள் பிள்ளை வாங்கும் அடியும் கூடியிருந்தது. அப்படி வளர்ந்தவர்கள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைதான் உங்கள் கடைசி வாங்கில் இருக்கிறான்.

அப்புறம், பிரம்புக்குப் பதிலாக என்ன என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, சண்டைக்கு எழும்பும் பெடியனிடம் ஒரு வாளியைக் கொடுத்து "போய்ப் பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்திட்டு வா" என்பார். ஐந்து நிமிடம். தண்டனை மாதிரிச் சொல்ல மாட்டார், உதவி கேட்பது போலச் சொல்வார். அவன் திரும்பி வரும்போது மூச்சு இறங்கியிருக்கும், அதற்குப் பிறகுதான் பேசுவார். பெரிய அளவில் செய்து பார்த்ததும் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1985-86இல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்காக இருக்கும் குழுவுக்குச் சின்னப் பரிசு கொடுக்கும் விளையாட்டை நடத்தினார்கள். தொடக்கத்தில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த பெடியன்களுக்குத்தான் வளர்ந்த பிறகு அதன் பலன் அதிகம் தெரிந்தது.

சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (பருத்தித்துறையிலிருந்து ஒரு பேரனார்)

உண்டு, ஐயா. மொரீசியசில் 1970களில் 3 வயதுப் பிள்ளைகள் 100 பேருக்கு இரண்டு வருடம் நல்ல சாப்பாடு, ஓடியாடல், கவனமான பாலர் கல்வி கொடுத்தார்கள். 23 வயதில் பார்த்தபோது, மற்றப் பிள்ளைகளைவிட அவர்களிடம் குற்றச்செயல் குறைவு. 17 வயதுக் கணக்கில், போசாக்குக் குறைந்திருந்த பிள்ளைகளுக்கே நன்மை அதிகம். அந்தச் சாப்பாட்டில் மீனும் இருந்தது. ஒமேகா-3 கொழுப்பு மூளை நரம்புகளுக்கு வேண்டியது. அதற்கு விலை கூடிய மீன் தேவையில்லை, உங்கள் துறையில் இறங்கும் சூடையே போதும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இன்னொன்று: வீட்டில் வலைக்கு ஈயக்குண்டு உருக்கினால் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். ஈயம் வளரும் மூளையைக் கெடுக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

விடிய 5 மணிக்கு ரியூசன், இரவு 11 மணிவரை படிப்பு. இதனாலும் எரிச்சல் வருமா? (நல்லூர்)

நிச்சயமாக. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். அந்த வயதில் நித்திரை ஓமோனே பிந்தித்தான் சுரக்கும், அதனால் வேளைக்குப் படுக்கச் சொன்னாலும் நித்திரை வராது. நித்திரை குறைந்தால் முன்மடலின் பிடி தளரும். விடியற்காலை வகுப்பை நிறுத்த ஊரே சேர்ந்து கேட்கவேண்டும்.

எனக்கு 16 வயது. கோபம் வந்தால் ஆளைக் கொன்றுவிடலாம் போல இருக்கும். பிறகு அழுகை வரும். நான் பிழையான ஆளா? (பெயரோ ஊரோ எழுதவில்லை)

தம்பி, நீர் பிழையான ஆள் இல்லை. பிறகு அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீரே, அதை நான் இரண்டுமுறை வாசித்தேன். கோபம் ஏறும்போது அந்த இடத்தை விட்டு நடந்து போம். மூச்சை உள்ளே எடுக்கும் நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடும். அப்போது வேகஸ் என்ற நரம்பு நெஞ்சடிப்பை மெதுவாக்கும். பத்துத் தடவை செய்யும்.

இதைத் தனியாகச் சுமக்கவேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ யாராவது உம்மைக் கொடுமைப்படுத்தினால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் வரலாம், அம்மாவையோ பிடித்த ஒரு ஆசிரியரையோ கூட்டிக்கொண்டு வாரும். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதிக் கொடும்.