சூடு தெரியாத கால்

அன்புள்ள அக்கா,

மொரீஷியஸின் காத்ர போர்ன் ஊரில் இருந்து எழுதுகிறேன். வயது 48, எடை 91 கிலோ. சர்க்கரை வந்து ஒன்பது ஆண்டுகள். சர்க்கரைக்குக் குளுக்கோஃபாஜ் (மெட்ஃபார்மின்), டயமிக்ரோன் (கிளிக்லாசைடு) என்ற இரண்டு மாத்திரையும் போடுகிறேன். இரண்டு மாதமாகக் காலையில் நடக்கிறேன். தினம் 10,000 அடி நடந்தால்தான் பலனா? அடி எண்ணும் கைக்கடிகாரம் வாங்கலாமா? எந்த ஷூ நல்லது? சமையலுக்கு எந்த எண்ணெய்?

இந்தத் தைப்பூசத்துக்கும் கோர் த கார்த் மலைக் கோவிலுக்குக் காவடி எடுக்கிறேன். இது ஏழாவது வருடம். வாயில் அலகும் உண்டு. விரதம் இருக்கும் பத்து நாளும் மாத்திரையைத் தொடுவதில்லை. போன முறை உச்சி வெயிலில் தார்ச்சாலையில் உடன் வந்தவர்கள் துள்ளினார்கள். எனக்குச் சூடே தெரியவில்லை. எல்லாம் முருகன் அருள்.

அன்புடன்,
கு.

அன்புள்ள தம்பி,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காமல் விட்ட ஐந்தாவதுக்காகத்தான் இந்தப் பதில். கொடியேற்றம் நெருங்கினாலே எனக்கு யோசனை கால்களின் மேல்தான் போகிறது. ஜனவரி வெயில், வெறுங்கால், இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை, மூன்றும் அன்று ஒரே சாலையில் நடக்கின்றன.

கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். 10,000 என்பது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவிய எண். அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு. கைக்கடிகாரம் வேண்டாம், அந்தப் பணத்துக்குச் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் வாங்குங்கள். எண்ணெய் விஷயத்தை அரசே நமக்குச் செய்து காட்டிவிட்டது. 1987 வாக்கில் ரேஷன் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்துச் சோயா எண்ணெய்க்கு மாற்றினார்கள். 1992இல் அளந்தபோது மக்களின் ரத்தத்தில் சராசரி கொழுப்பு (கொலஸ்ட்ரால்) லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. சர்க்கரை நோய் மட்டும் இறங்கவில்லை. எண்ணெய்ப் பேச்சு இத்துடன் போதும்.

இப்போது அந்த அருள்.

முருகன் உங்களுக்கு என்ன தந்தான் என்று அளக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அருள் என்றால் அன்று ஒருநாள் சூடு தெரியாமல் இருந்திருக்க வேண்டும், மறுநாள் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததா? விடியற்காலையில் குளியலறைத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுகிறதா? சவாத் (செருப்பு) நழுவி இரண்டடி பின்னால் கிடப்பது திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறதா? இரவில் போர்வை பட்டாலே பாதம் எரிகிறதா? மரத்த காலே எரியவும் செய்யும், அதனால் எரிகிறதே, உணர்ச்சி இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். குதிகால் எவ்வளவு எண்ணெய் தடவினாலும் வறண்டு வெடிக்கிறதா?

உடம்பில் மிக நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை போகின்றன. சர்க்கரை கூடியே இருந்தால் நரம்பும் கெடும், அதற்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களும் கெடும். நீளமானது முதலில் போகும். அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி, இரண்டு காலிலும் காலுறை போட்ட அளவுக்கு மரத்துக்கொண்டே ஏறும். வியர்வை சுரக்கச் சொல்லும் நரம்பும் சேர்ந்து போவதால் தோல் காய்ந்து வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் சுருங்க, விரல்கள் மடங்கி, உடம்பின் பாரம் முன்பாதத்தில் விழும். அங்கே காய்ப்புப் பிடிக்கும். காய்ப்பு என்பது ஷூவுக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. அதற்கு அடியில் ரத்தம் கட்டி, புண்ணாகி, சீழ் பிடித்தாலும் வலிக்காது. வலிக்காததால் நடப்பீர்கள். நடப்பதால் ஆறாது. காலை எடுக்கும் நிலைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தொடக்கம் இப்படி ஒரு சின்னப் புண்தான்.

சோதிக்கக் கருவி வேண்டாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த முறைக்கு ஒரு சுட்டுவிரல் போதும். வெறுங்காலுடன் படுத்துக்கொள்ளுங்கள். மனைவியோ மகளோ ஒவ்வொரு காலையும் தொட்டு இது வலது, இது இடது என்று முதலில் சொல்லட்டும். பிறகு கண்ணை மூடுங்கள். அவர் விரல் நுனியை ஒன்றிரண்டு வினாடி மெல்ல வைத்து எடுக்க வேண்டும். அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. வரிசை இது: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். பட்டது தெரிந்தவுடன் எந்தக் கால் என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்பதற்காக மறுபடி தொடக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் பாவப்பட்டு இரண்டாம் முறை அழுத்திவிடுவார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உங்கள் பாதம் காவலை இழந்துவிட்டது என்று அர்த்தம். அரசு சுகாதார நிலையத்தில் செலவில்லாமல் பார்ப்பார்கள். தைப்பூசத்துக்கு முன் போங்கள்.

அப்படி இருந்தால் இந்த வருடம் வெறுங்காலில் காவடி வேண்டாம். சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வெயிலில் தார்ச்சாலை 60 பாகை வரை ஏறும். உணர்ச்சி உள்ளவர் துள்ளித் துள்ளி இடம் மாற்றுவதால்தான் தப்பிக்கிறார். நீங்கள் நின்று நிதானமாக வேகுவீர்கள். முன்னால் தண்ணீர் ஊற்றினால் போதாதா என்பீர்கள். அது நிமிடத்தில் காயும், ஊறிய தோலோ சுலபமாகக் கிழியும். காவடிப் பாரம் வேறு முன்பாதத்தை அழுத்தும். ஆணிச் செருப்பு என்ற பேச்சே கூடாது. தோல் செருப்பு ஆகாது என்பதுதான் தடையென்றால், ரப்பர் அடிப்பாகம் வைத்த துணி ஷூவில் தோல் ஏது? பூசாரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். காவடிக்குப் பதிலாகப் பால்குடம் ஏந்துங்கள், அதிகாலையில் கிளம்பும் கூட்டத்தோடு போங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள், பூஜை அறையில் பருத்திக் காலுறை.

மாத்திரைக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கோபம்தான் வருகிறது. பத்து நாள் விரதம் என்பது கறி, மீன், முட்டை, மது தொடாமல் இருப்பது. சோறும் பருப்பும் சாப்பிடத்தானே செய்கிறீர்கள்? பிறகு மாத்திரையை எதற்கு நிறுத்த வேண்டும்? சர்க்கரையை ஏறவிட்டு, வெள்ளணுக்களைச் சோர்வாக்கி, பத்தாம் நாள் உடம்பெங்கும் ஊசி குத்திக்கொள்கிறீர்கள். கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

பட்டினியாக நடக்கும் அந்த ஒரு காலையில்தான் கவனம் வேண்டும். உங்கள் இரண்டு மாத்திரையும் ஒன்றல்ல. குளுக்கோஃபாஜ் மட்டும் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். டயமிக்ரோன் அப்படியில்லை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். அன்று அதை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஆனால் வாயில் அலகு இருக்கிறதே, எப்படிக் குடிப்பீர்கள்? தலை சுற்றுகிறது என்று யாரிடம் சொல்வீர்கள்? சர்க்கரை இறங்குவதன் முதல் அடையாளம் வியர்வை, அந்த வெயிலில் எல்லோரும்தான் வியர்த்திருப்பார்கள். கூட வருபவர் கையில் சர்க்கரைமானி இருக்கட்டும். கை நடுக்கம், தடுமாற்றம், கூப்பிட்டால் திரும்பாமை கண்டால் அருள் வந்திருக்கிறது என்று மேளத்தை ஏற்றச் சொல்லாமல் விரலைக் குத்திப் பார்க்கட்டும். குறைந்திருந்தால் முதலில் அலகை எடுக்க வேண்டும், பிறகு சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர மருத்துவ சேவையான சாமுவுக்கு 114இல் அழைக்க வேண்டும். உங்கள் நிலைக்கு வாய் அலகே வேண்டாம் என்பேன்.

வீடு திரும்பியதும் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் காலைப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், சூட்டை முழங்கையால் சோதித்து, கழுவுங்கள். விரலிடுக்கைத் துடைத்து ஈரம் போக்குங்கள். குதிகாலுக்கு வாசலின், இடுக்கில் தடவ வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாமல் உலர்ந்த துணி கட்டி மறுநாளே காட்டுங்கள். காய்ப்பைப் பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரி ஒட்டுவது இரண்டும் கூடாது. அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக, சிவந்து, வீங்கியிருந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றே நடையை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

ஷூ கேட்டீர்கள் அல்லவா, மறந்தே போனேன். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். உள்ளிருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும், பக்கத்தில் பாதம் வழியக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் காலை நுழைக்குமுன் கையை நுழைத்துத் தடவிப் பாருங்கள். எந்த நிறுவனத்துடையது என்பது பெரிய விஷயமில்லை.

ஆறில் எத்தனை என்று இன்றிரவே பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா